அரிசிமா மணந்த ஆற்றுமேட்டு மண்

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் என் உழைப்பில் வாங்கியது மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் இந்த லோஞ்சிப் படகு. அதில் என் முன்னால் மண் பார்க்கும் உத்தியோகத்தரும் சோதனைக்கு மண் பொட்டலம் கொண்டுபோன வெருகல் கமக்காரர் ஒருவரும் இருந்தார்கள். உத்தியோகத்தர் பொட்டலத்தைப் பிரித்து மோந்தார்.

"அண்ணை, உங்கட மண்ணிலே அரிசிமா மணக்குதே!"

"உங்கட கந்தோருக்கு, அரசாங்க அலுவலகத்துக்குப் போற மண் ஐயா. மனுசி அரிசி இடிக்கிற உரலிலே இடிச்சு அரிச்சுத் தந்தவ."

"ஆற்றுமேட்டுக் களிமண் கட்டியாய், வெடிப்போட இருக்கவேணும். களி, நெல்லுக் காணி எண்டு எழுதினால்தான் உங்கட வயலுக்கு வாய்க்கால் வரும். இந்தத் தூளைப் பார்த்தால் கச்சான் கடலை போடுற மணல் காணி எண்டுதான் எழுத ஏலும்."

"வெடிச்ச கட்டியை உங்கட மேசையிலே வைக்கிறது மரியாதையோ?"

"மரியாதைக்கு வாய்க்கால் வராது, அண்ணை."

கமக்காரர் பொட்டலத்தைத் தானும் மோந்து பார்த்தார்.

"அரிசி மணக்குதெண்டால் நெல்லுக் காணிதானே ஐயா? அப்படியே எழுதுங்கோ!"