மடியில் இருந்த படம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் போனில் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"படம் எம் மடியிலதான் இருக்கு மச்சான். நான் வராம எப்படி ஓட்டுவாங்க?"

அவர் மடியில் துண்டு சுற்றிய சின்னப் பெட்டி இருந்தது. சாலையில் வைக்கோல் லாரி ஒன்று சாய்ந்து கிடந்ததால் பஸ் நகரவே இல்லை. அவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"மாமா, தியேட்டர் மேனேஜர் கத்துறாரு. இங்க இருக்கிற ஹார்டு டிஸ்க் சுத்தமா ஓடல. உங்க புள்ள எடுத்த படத்துக்கு இந்த ஒரு ஷோதான் குடுத்தாங்க. லேட்டானா கேன்சலாம்."

"அதுக்குத்தானே அவன் வேற டிஸ்க் குடுத்து அனுப்புனான்! சனம் இருக்குதா?"

"இருக்கு. ஆனா டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்டு கெளம்புறேங்கறாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி லாரியைப் பார்த்தார்.

கண்டக்டர் குனிந்து சொன்னார்: "ஐயா, எறங்கி லாரிக்கு அந்தாண்ட நடங்க. அங்க வர்ற ஷேர் ஆட்டோ சிதம்பரத்துக்கே திரும்பி போவுது."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தவர், படிக்கட்டில் நின்று போனில் கேட்டார்:

"உங்க அக்கா எங்க?"

"அக்காவா? கதவுக்கு குறுக்க நிக்குது மாமா. எம் புள்ள படத்த பாக்காம ஒருத்தரும் போவக் கூடாதுன்னு யாரையும் வெளிய வுட மாட்டேங்குது."

"அப்ப பயமில்ல. இதோ வந்துட்டேன்" என்று இறங்கி ஓடினார்.