தொடாதீர்கள் என்று எழுதியிருந்த வடம்

சுற்றிலும் மலைகள் காவல் நிற்க, மிளகு மணமும் ஏல மணமும் காற்றிலே மிதந்துவர, நடுவிலே நிமிர்ந்து நிற்கும் மாத்தளை நகரின் இந்த மண்டபத்திலே, ஓவியக் கண்காட்சி ஒன்றின் நிறைவு விழாவுக்குத் தலைமை தாங்கி, மேசை மணிமேல் ஒரு கையும் என்மேல் ஒரு கண்ணுமாக அமர்ந்திருக்கும் மரிய கொறற்றி டீச்சர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசை கிடைக்காத வருத்தத்தை முகத்திலே காட்டாத பெரியோர்களே! உக்குவளையிலிருந்தும் யட்டவத்தையிலிருந்தும் மேட்டுத் தோட்டங்களிலிருந்தும் வேலை முடித்து, முகம் கழுவி, பஸ் பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே! தம்பிமாரே, தங்கைமாரே! எல்லாருக்கும் மேலாக, மூன்றாம் வரிசையிலே தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் இந்தக் கண்காட்சியின் நாயகி, நம் ஊர்ப் பெண், ஓவியர் பிரதீபா அவர்களே! உங்கள் அனைவருக்கும் புடவைக்கடை இராசமாணிக்கத்தின் பணிவான வணக்கம்.

சற்றுமுன் எனக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். தொட்டுப் பார்த்தேன். என் கடையிலே வாங்கியதுதான்! என் துணியை எனக்கே போர்த்தி என்னையே மகிழவைத்த விழாக் குழுவினருக்கு நன்றி.

நான் பேசாத மேடை இந்த மாவட்டத்தில் உண்டா? மணவறையில் வாழ்த்தியிருக்கிறேன், மரண வீட்டில் விம்மியிருக்கிறேன், விளையாட்டுப் போட்டியிலே ஓடியவனைவிட அதிகமாக மூச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டும், நிறையும் குறையும் சொல்ல வேண்டும் என்று கொறற்றி டீச்சர் கேட்டபோது நாக்கு உலர்ந்துவிட்டது. என் மனைவி கலாராணி சொன்னாள்: "கழுதைக்குத் தெரியுமாங்க கற்பூர வாசனை? பேசாம மாட்டேன்னு சொல்லிடுங்க." அவள் அப்படிச் சொன்ன காரணத்தினாலேயே சம்மதித்துவிட்டேன்.

வந்தேன். பார்த்தேன். வாசலிலேயே ஒரு பெரிய படம். முழுக்க முழுக்க வெள்ளை! "மகளே, இதுக்கு இன்னும் பெயின்ட் வரலையா?" என்று கேட்டேன். பிரதீபா சிரித்தாள். "பேரைப் பாருங்க மாமா" என்றாள். கீழே எழுதியிருந்தது: உக்குவளை ஸ்டேஷன், மார்கழிக் காலை. அடடா! மார்கழியிலே அந்த மேடையில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ரயில் முன்னால் வந்து நின்றாலும் சத்தம் கேட்குமே தவிர ரயில் தெரியுமா? கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்குள் ஒரு வெள்ளை, அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கோடு. அது கைகாட்டியா, ரயிலா, கண்ணாடியில் ஒட்டிய பூச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் உடம்பு குளிர்ந்தது ஐயா! குறை சொல்லச் சொன்னார்களே, சொல்கிறேன். அதற்கு அவ்வளவு தடித்த சட்டம் எதற்கு? பனிக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

அடுத்தது கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு வலைப் பைகள். தம்புள்ளைச் சந்தையிலே வெங்காயம் கட்டுகிற அதே பைகள்தான். உள்ளே ஒன்றுமில்லை. பெயர், 'அறுவடை'. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். தம்புள்ளைக்கு லொறி ஓட்டும் கிறிஷாந்த் தம்பி பக்கத்திலே வந்து அண்ணாந்து பார்த்தான். "மழையில எல்லாம் அழுகிப்போன வருஷம் என் லொறி உள்ளுக்குள்ள இப்படித்தாங்க இருந்துச்சு" என்றான். சுளித்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இதற்கும் ஒரு குறை உண்டு. கொஞ்சம் உயரத்திலே கட்டியிருக்கலாம். போகும்போதும் இடித்தது, வரும்போதும் இடித்தது. என்ன சொல்கிறீர்கள்? என் தலை பெரிதா? கலாராணியும் அதைத்தான் சொல்கிறாள்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் நாற்காலிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறதே, அந்த வடத்தைப் பற்றி.

அன்பர்களே! அது கடையிலே வாங்கிய கயிறல்ல. பிரதீபா தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தேயிலைக் கொழுந்தெடுக்கும் தாய்மார் இடுப்பிலே கட்டிய முரட்டுப் படங்குத் துணி, கிழிந்த சேலை, ஆண்கள் கட்டி நைந்த சாரம், பிள்ளைகள் போட்டுப் பழுத்துப்போன பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கை கொப்பளிக்க முறுக்கித் திரித்த வடம். தேர் வடத்தின் கனம், தேர் வடத்தின் நீளம். அதிலே ஒரு மஞ்சள் சேலை பிரதீபாவின் அம்மாவுடையது. சாயம் போகாது என்று சத்தியம் பண்ணி நான் விற்ற சேலை. சாயம் போயிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடத்தின் ஒரு முனை வாசலில். மறுமுனை? தேரிலா? இல்லை! ஒரு பெரிய பலகைச் சுவரிலே இறுக்கி அறைந்திருந்தாள். அவ்வளவுதான் படைப்பு. 'தேர் எங்கே?' என்பது அதன் பெயர். எனக்கு விளங்கவில்லை, கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மாமா, நம்ம ஆளுங்க இருநூறு வருஷமா இழுக்கிறாங்க. அந்தப் பக்கம் தேரே இல்ல மாமா. சுவர்தான் இருக்கு. அது அசையாது."

கொழும்பிலிருந்து வந்த கலைஞர்கள் இருவர் அதைப் பார்த்துவிட்டு, அங்கே அடுத்த மாதம் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்கு இதுதான் வேண்டும் என்று தெரிவுசெய்துவிட்டார்கள். நம் பிள்ளைக்கு இப்படி ஒரு வாசல் திறப்பது இதுதான் முதல் தடவை. நாளைக் காலையில் ஏற்றிப்போக வாகனம் வருகிறது.

நேற்று என்ன நடந்தது? அறிந்தவர்கள் சிரிக்க வேண்டாம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நேற்றுப் பகல் கோயில் பூசை முடிந்து நம் தாய்மார் கண்காட்சி பார்க்க வந்தார்கள். வாசலிலே ஒரு வடம் கிடக்கிறது. அம்மன் தேர் இழுத்தே வளர்ந்த மாத்தளைக்காரி ஒருத்தி வடத்தைக் கண்டால் என்ன செய்வாள்? கைகட்டி நின்று ரசிப்பாளா? தலையைச் சாய்த்து, "இதன் உட்பொருள் யாதோ?" என்று சிந்திப்பாளா? செருப்பைக் கழற்றினாள். குனிந்தாள். தொட்டாள். கண்ணிலே ஒற்றினாள். பிடித்தாள்! யார் அந்த முதல் ஆள் என்று கேட்கிறீர்களா? கேட்காமல் இருந்திருக்கலாம். என் மனைவி கலாராணி!

பின்னால் கெத்தரின் அக்கா. "மாதா தேரும் நாங்க இழுக்கிறதுதானே, தள்ளுங்க புள்ள" என்று அவரும் பிடித்தார். சந்தைக்கு வந்த யட்டவத்தைச் சிங்கள அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "மமத் எனவா!" நானும் வாறேன் என்று கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பிடித்தார். 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று அங்கே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எந்த மொழிக்காரரும் அதை வாசிக்கவில்லை, எல்லாரும் சேர்ந்துதான் பிடித்தார்கள்! யாரோ "அரோகரா" என்றார்கள். மண்டபமே "அரோகரா" என்றது. இழுத்தார்கள்.

சுவர் ஆடியது. சாய்ந்தது. படார் என்று விழுந்தது! அம்மன் அருளால் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. என்ன பாறூக் நாநா, எழுந்து நிற்கிறீர்கள்? "பலகைல பிழை இல்ல, நான் குடுத்தது நல்ல பலகை" என்கிறீர்களா? உக்குவளையில் உங்கள் மரக்கடையை யார் குறை சொன்னது? உட்காருங்கள், உங்கள் பலகைக்குத்தான் நான் இப்போது மாலை போடப்போகிறேன்.

ஓடிவந்து பார்த்த பிரதீபா, அந்தப் படிக்கட்டிலே உட்கார்ந்து அழுதாள். சுவர் விழுந்து கிடக்கிறது. வடமும் ஓரிடத்திலே கிழிந்து, நூலிலே தொங்குகிறது. "மாமா, எல்லாம் போச்சு. கொழும்புக்கு அனுப்பப் போறதில்ல. இனிமே மாத்தளைக்கு ஒண்ணுமே கொண்டுவர மாட்டேன்" என்றாள். கலாராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமச் செஞ்சிட்டோம் புள்ள" என்று தானும் அழுதாள். நேற்றிரவு என் வீட்டில் சோறு பொங்கவில்லை. நான் கடையில் வாங்கிய பாணும் பருப்பும் தின்றேன். பாறூக் நாநா பெருந்தன்மையோடு வந்து, "கவலப்படாதீங்க மகள், பெரிய இரும்பு ஆணி அடிச்சு, யானை இழுத்தாலும் அசையாத மாதிரி நிப்பாட்டித் தாறேன்" என்றார். அவள் மனம் மாறினாளா என்பது இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

ஆகவே, மகளே பிரதீபா, தூணுக்குப் பின்னால் இருந்தாலும் காது கேட்கும் அல்லவா? இந்தச் சபை முழுவதையும் விட்டுவிட்டு, இனி உன்னோடு மட்டும் பேசுகிறேன்.

என்னைக் குறை சொல்லச் சொன்னார்கள். உன் படைப்பிலே ஒரு குறை இருந்தது. இருநூறு வருடமாக இழுக்கிறார்கள் என்றாய், உண்மை. அந்தப் பக்கம் சுவர் என்றாய், அதுவும் உண்மை. அது அசையாது என்றாயே, அதை உனக்கு யார் சொன்னது?

நம் முன்னோர் கடல் கடந்து மன்னாரிலே இறங்கி, வழியில்லாத காட்டிலே வழி உண்டாக்கி, நோயிலே பாதிப் பேரைப் புதைத்துவிட்டு மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்களே, அவர்கள் அசையாத சுவரைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களா? குடியுரிமையைப் பறித்து நாடற்றவர் என்று எழுதி வைத்தார்களே, அந்தச் சுவர் இன்று நிற்கிறதா? உனக்குப் பள்ளிக்கூடமே எட்டாது என்றிருந்த காலம் உண்டே, அந்தச் சுவர் நிற்கிறதா? நின்றிருந்தால் நீ தூரிகை பிடித்திருப்பாயா? யார் இழுத்துச் சாய்த்தார்கள்? அந்த வடத்திலே முறுக்கியிருக்கிறாயே, அந்தச் சேலைகளைக் கட்டியிருந்தவர்கள் சாய்த்தார்கள்! இன்னும் சுவர்கள் இருக்கின்றன, இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மகளே, நீ சேலையை நம்பினாய், அதைக் கட்டியவளை நம்ப மறந்துவிட்டாய்.

கொழும்பிலே உன் படைப்பைப் பார்ப்பவர்கள் பத்திரிகையிலே பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுவார்கள். மாத்தளையிலே எழுதவில்லை. இழுத்தார்கள்! 'தேர் எங்கே?' என்று நீ கேட்ட கேள்விக்கு, ஊர் கூடித் தேர் இழுக்கிற ஊர் தனக்குத் தெரிந்த முறையில் பதில் சொன்னது. விழுந்த சுவர் விழுந்தபடியே கொழும்புக்குப் போகட்டும் என்பது என் கட்சி. அதைப் பார்த்து அவர்கள் திகைக்கட்டும். பாறூக் நாநா, உங்கள் பலகை நல்ல பலகைதான். அதையே சாய்த்திருக்கிறார்கள் என்றால் இவர்களுடைய கையை நினைத்துப் பாருங்கள்! இதுதான் நான் போடுவதாகச் சொன்ன மாலை.

மகளே, முடிவு உன்னுடையது. போகட்டும் என்றாலும் சரி, போகவேண்டாம் என்றாலும் சரி. உன் கலை எனக்கு முழுதாய் விளங்காது. உன்மேல் இந்த ஊருக்கு எவ்வளவு ஆசை என்பது மட்டும் விளங்கும்.

அதோ! எழும்பிவிட்டாள். வழிவிடுங்கள், வழிவிடுங்கள். டீச்சர், மணியடித்துவிடாதீர்கள், என் நேரம் முடிந்தது எனக்கே தெரியும். வா மகளே, மேலே வா. மைக் வேண்டாமா? சரி, என் காதிலே சொல், நான் சபைக்குச் சொல்கிறேன்.

கேளுங்கள்! "விழுந்தபடி அனுப்ப மாட்டேன்" என்கிறாள். பொறுங்கள், பொறுங்கள், இன்னும் இருக்கிறது. "கொழும்புல சுவரை மறுபடி நிமிர்த்துவேன் மாமா. ஆனா தொடாதீங்கன்னு பலகை வைக்க மாட்டேன்." கைதட்டுங்கள் ஐயா! இன்னும் சொல்கிறாள். "ஆனா அங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க மாமா. கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. அதனால முதல் நாள் அத்தையைக் கூட்டிட்டு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

கலாராணி! கேட்டாயா? உன்னைக் கொழும்புக்குக் கூப்பிடுகிறாள்! கண்ணைத் துடை. சாமானை இறக்கிவைத்துவிட்டு வடம் பிடித்த அந்த யட்டவத்தை அம்மா இங்கே இருக்கிறாரா? பின்னால் கை தூக்குகிறார். அம்மா, எனவாத? வருகிறாராம்! ஒரு பஸ் போதாது போலிருக்கிறது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வடம் கிழிந்த இடத்தை ஒட்டுப்போட வேண்டும். அதற்குத் துணி வேண்டும். நேற்றுவரை அதிலே இருந்ததெல்லாம் உழைத்து நைந்த துணி. மேடையிலே சும்மா உட்கார்ந்திருந்தவன் துணி ஒன்றும் அதிலே இல்லை. இதோ, நீங்கள் எனக்குப் போர்த்திய பொன்னாடை. இந்தா மகளே, முறுக்கு. யாரங்கே சிரிப்பது? "சாயம் போகுமா?" என்று கேட்பது என் மனைவியேதானா? போகும்! வெயிலிலும் வியர்வையிலும் கிடந்தால் போகத்தான் செய்யும். போகட்டும்.

தலைவர் அவர்களே, தாய்மார்களே, நேற்று இழுத்த கைகளுக்கும் அடுத்த மாதம் இழுக்கப்போகும் கைகளுக்கும் என் நன்றி, என் வணக்கம். பாறூக் நாநா, அந்த இரும்பு ஆணியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.