நம்பரை வாங்க மறுத்த கடைக்காரி

தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். பெடாஸ் ஊரைத் தாண்டும்போது இளையவள் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"கஸ்டமர நல்லா ஏசிட்டேன்கா. அதுலதான் கடை பொழச்சிச்சி."

"ஏசினியா?"

"ஆன்லைன்ல சேலை விக்கிறேன், ஒருத்தரும் நம்பி வாங்கல. மூடிறலாம்னு இருந்தேன். எஸ்டேட் ஆண்ட்டி ஒருத்தவங்க சேலைக்குக் காசு கட்டத் தெரியாம, 'நீயே பாத்து அடிச்சிக்கம்மா'ன்னு பேங்க் அனுப்புன ரகசிய நம்பர எனக்கே மெசேஜ் பண்ணிட்டாங்க."

"அடக் கடவுளே."

"உடனே போன் போட்டேன். எங்கிட்டகூட குடுக்கக்கூடாது, மொதல்ல அழிங்கன்னு கத்திட்டேன். கோவிச்சிக்கிட்டு வச்சிட்டாங்க."

"போச்சா?"

"கோயில்ல போயி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்களாம், கையில குடுத்தும் வாங்காத பொண்ணுன்னு. இந்தத் தீபாவளிக்கு எஸ்டேட்ல பாதிப் பேருக்கு நம்ம சேலைதான்."

"ஆண்ட்டிக்கு?"

"ரெண்டு. நம்பர அவங்களே அடிச்சாங்க."