மூன்றாவது கை

எனக்குச் சத்தம் ஆகாது. யாராவது குரலை உயர்த்தினால் போதும், வயிற்றைக் கலக்கிவிடும். விசாரணை என்று கூப்பிட்டாலும் நீங்கள் தன்மையாகப் பேசுகிறீர்கள். அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் கேமரா பார்ப்பது என் வேலை. மாற்றுச் சிறுநீரகத்தை வைத்து, இரத்தக்குழாய்களைத் தைத்து, இரத்தத்தை நிறுத்திவைத்த கிளிப்பை எடுத்ததும் மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவேன். இரத்தம் ஓடும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும், ஓடாத இடம் நீலம். சிவப்பென்றால் வயிற்றை மூடலாம். நீலமென்றால் குழாயைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

நீலத்தைக் கண்டால் பெரிய டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தைத்தவர் அவர், திட்டு வாங்குவது நான். "கேமராவ ஒழுங்கா துடைய்யா! கண்ணு இருக்கா இல்லையா?" என்பார். ஒருநாள் கத்தரிக்கோலே பறந்து வந்தது.

என்னிடம் பழைய பதிவு ஒன்று இருந்தது. யாருக்கோ வைத்த சிறுநீரகம், ஓரத்துக்கு ஓரம் செக்கச்செவேலென்று, கண்ணுபடும் போல. அடுத்த முறை என் சின்னத் திரையில் நீலம் தெரிந்ததும், அவருடைய பெரிய திரையில் சத்தமில்லாமல் அதை ஓடவிட்டேன். டாக்டர் பாட்டே முணுமுணுத்தார். எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடப் போனோம்.

அப்படி ஒன்பது பேருக்கு ஓட்டினேன். ஏழு பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, சிறுநீரகம் கறுத்துப்போன அந்த இரண்டு பேரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

பத்தாவது ஆள் ஒரு தையல்காரர். அவருடைய அக்கா கொடுத்த சிறுநீரகம். கீழ்ப்பாதி முழுக்க நீலம். வழக்கம்போல் பதிவை ஓடவிட்டேன். டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு வழக்கத்தைவிட நெடுநேரம் ரசித்ததில், பதிவு அதுவரை ஓடாத இடத்துக்குப் போய்விட்டது. அப்போது திரையில் கையுறை போட்ட ஒரு கை வந்து சிறுநீரகத்தைச் செல்லமாகத் தடவிவிட்டுப் போனது.

நர்ஸம்மா நிதானமாகக் கேட்டார்: "சார், உங்க கை ரெண்டும் இங்க இருக்கு. அங்க தடவுறது யாரு கை?"

அதுவும் அவருடைய கைதான், போன வருஷத்துக் கை. அப்போது எழுந்த சத்தத்தில் எனக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. தையல்காரருக்குப் பிரித்து மறுபடி தைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவருடைய அக்கா மட்டும் வராந்தாவில் என்னை மறித்து, "என் உடம்புல இருந்து அறுத்துக் குடுத்தேனேய்யா" என்று அழுதார். நல்ல வேளை, மெதுவாகத்தான் அழுதார்.

எனக்கு ஈவிரக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். இடையில் என் தங்கை கணவருக்கும் அதே மேஜையில்தான் ஆபரேஷன் நடந்தது. "அண்ணே, உன்ன நம்பித்தான் விடுறேன்" என்றிருந்தாள் தங்கை. அவருக்கும் நீலம்தான் வந்தது. அன்று டாக்டர் கத்திய கத்தலையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி காட்டி, மூன்று தடவை பிரித்துத் தைக்க வைத்தேன். வீட்டு ஆள் உயிரோடு விளையாட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.