அவர் பார்த்த இன்னொருவன்

எங்கள் புதுப்பட்டினத்தில் நல்ல பசும்பால் கிடைப்பது கஷ்டம், ஐயா. பால்காரி அம்சா தினமும் காலையில் இரண்டு ஆழாக்கு ஊற்றுவாள். அதை நான் என் கணவருக்கு மட்டுமே எடுத்து வைப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எங்களோடு இருக்கும் அவர் தங்கை சம்சாத் பேகத்தைக் கேட்டாலும் இதையே சொல்வாள்.

என் பெயர் சைனம்பு. என் கணவர் நூர்முகமது கடைத்தெருவில் வலை நூலும் தூண்டில் முள்ளும் விற்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அடித்ததில்லை, திட்டியதில்லை. பேசியதும் இல்லை. இன்னும் சோறு வேண்டுமென்றால் தட்டைக் கொஞ்சம் நகர்த்துவார், அவ்வளவுதான்.

வலிப்பு அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் தொடங்கியது. விழுவதற்கு முன், எதிரில் தானே நிற்பதைப் பார்ப்பார். அதே கைலி, அதே தாடி. முதல் தடவை தெளிந்ததும் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாரியே ஒர்த்தன் நின்னுகினு இருந்தான், சைனம்பு. என்னப் பாக்கல. உன்னத்தான் பாத்துகினு இருந்தான்."

என்னை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை, ஐயா. அதனால் அடுத்த தடவை நானே கேட்டேன்.

"இன்னா செஞ்சான்?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் கையில சுட்டுக்கினியே, அந்த எடத்த ஊதி வுட்டான்."

பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது இருந்தது. என் தலையைத் தடவினானாம். அடுப்பங்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தானாம். உனக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துவிட்டேன் என்றானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. இவர் பாதியை மறைக்கிறார், அவன் இன்னும் நிறையப் பேசியிருப்பான் என்று. பொறாமைப்படுகிற ஆண் எதை முழுதாகச் சொல்வான்? வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அவர் மறப்பதற்குள் திரும்பத் திரும்பக் கேட்பேன். சில நாள் அழுதுவிடுவார்.

சம்சாத் பிடிவாதமாக இருந்ததால் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் பொறுமையானவர். "சில பேருக்கு வலிப்பு வர்ற நேரத்துல தன் உருவமே எதிர்ல தெரியும். மூளை செய்யற வேலைம்மா. மாத்திரைய விடாம குடுத்தா அந்த ஆளும் வரமாட்டான்" என்றார். பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். நடுவில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கொடுத்தேன். வலிப்பு நின்றது. வீடும் பழையபடி ஆனது. அவர் தட்டை நகர்த்தினார், நான் சோறு போட்டேன்.

அதற்குப் பிறகு பால் மட்டும் கொடுத்தேன்.

நாலாம் நாளே அவன் வந்தான். பிறகு அடிக்கடி வந்தான்.

"அண்ணி, மாத்திர குடுக்கிறியா இல்லியா?" என்று சம்சாத் ஒரு நாள் கேட்டாள்.

"உன் கண்ணு முன்னாலதான பால் குடிக்கிறாரு?" என்றேன். அதில் பொய் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் சதுரங்கப்பட்டினத்துக்குப் போயிருந்தாள். காலையில் நாஸ்தாவுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். அந்த வலிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. அதன் பிறகு கொஞ்ச நேரம் நினைவு திரும்பியது. குனிந்து கேட்டேன்.

"இன்னா சொன்னான்?"

நாக்கு குழறிற்று. ஆனாலும் புரிந்தது. "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். சும்மா நிப்பான். ஊதனது, தடவனது... எல்லாம் நானா சொன்னது. எனக்கு நேரா சொல்ல வாய் வரல, சைனம்பு. வண்டி கூப்புடு."

அம்சாவின் புருஷன் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில்தான் நின்றிருந்தான். நான் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். அவன் இன்னொரு தடவை வந்தால் இவர் உண்மையைச் சொல்வார் என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்றாவதும் வந்தது, நாலாவதும் வந்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மூச்சில்லை.

உப்புப் பானைக்கு அடியில் சம்சாத் கண்டெடுத்த மாத்திரைகளை வைத்தது நான்தான். கதவைத் தாழிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அவர் மேல் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமை ஒரு மனிதனைச் சாகும் நேரத்தில்கூடப் பொய் சொல்ல வைக்கும். அந்தப் பொய்யை நான் அப்போதே மன்னித்துவிட்டேன்.