புங்க மரத்து மூலைத் தாசில்தார்

"ஹலோ... ஹலோ... ஆங், சொல்லுடா டெஸ்மண்ட்... கேக்குது, கேக்குது. உன் குரல்தான் ஏதோ குடத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? ஏன்?... ஓ, இட்லி சாப்பிடறியா. சாப்பிடு, சாப்பிடு. போன் மேல சட்னி கொட்டிக்காதே."

ஓஸ்வால்ட் ஏரிக்கரைப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு கல்லூரி ஆபீசில் ஹெட் கிளார்க், வயது ஐம்பத்தெட்டு. அங்கே இவர் தலையசைக்காமல் ஒரு காகிதம் மேஜை தாண்டாது. இங்கே தொப்பி தண்ணீரில் மிதந்து போயிருந்தது, இடது கால் செருப்பு எங்கே புதைந்தது என்று தெரியவில்லை.

"எங்கேயா? ஏரியிலதான், வேறெங்க. சந்தாபுரா தாண்டும்போதே மணி ஆறு... ஆமா ஆமா, மதகுகிட்டேதான் இருக்கேன். மதகை விட்டு ஒரு அடி நகரல... புங்க மரமா? ச்சே ச்சே! நான் எதுக்குடா அங்க போறேன்? அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே புங்க மரம் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த மரத்தடித் தண்ணீரில்தான் தாசில்தார் குடியிருந்தார். தாசில்தார் என்பது ஒரு பெரிய விரால் மீன். பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் வந்து, நாலு வருடம் காத்துக் கிடந்தும் ஒரு நாள்கூட இவர்களைக் கண்டுகொள்ளாததால் டெஸ்மண்ட் வைத்த பெயர் அது. ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த மூலையில் தூண்டில் போடக்கூடாது என்று மாதா பேரில் சத்தியம் செய்திருந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் டெஸ்மண்ட் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாராம்; அன்றிலிருந்து வீட்டோடு கிடந்தார். இன்று காலை ஓஸ்வால்ட் சத்தியத்தை மீறித் தூண்டில் போட்டார். போட்ட முதல் வீச்சிலேயே தாசில்தார் மாட்டிவிட்டார்.

"இல்லடா, ஒண்ணும் மாட்டல... ரெண்டு ஜிலேபி மீனு, உள்ளங்கை அளவு... கேக்கறதுக்கே வெக்கமா இருக்கா? பிடிச்சவனுக்கு எப்படி இருக்கும்!... மூச்சு வாங்குதா? யாருக்கு, எனக்கா? அது... வண்டியிலேர்ந்து பையைத் தூக்கிட்டு வந்தேன் இல்ல... ஆமா, ரெண்டு மணி நேரம் முன்னாடிதான்... வயசாகுதுடா. போன மூச்சு மெதுவாத்தான் திரும்பி வருது... என்ன? அண்ணி பேசணுமா? குடு, குடு."

டெஸ்மண்டின் மனைவி அல்போன்சா என்றால் ஓஸ்வால்டுக்கு ஆதியிலிருந்தே பயம். வெறுந்தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தினார்.

"குட் மார்னிங் அண்ணி... ஆமாங்க... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... இல்லங்க, தண்ணிக்குப் பக்கத்துலயே போறதில்ல. தள்ளிதான் நிக்கறேன்... ஓ, டைல்ஸ் போட்டு முடிச்சாச்சா! பாத்ரூம் முழுக்கவா? பழசையெல்லாம் பேத்து எடுத்துட்டீங்களா... சொரசொரப்புல பாதம் உரியுதா? பரவாயில்லங்க, வழுக்காம இருந்தா போதும்... ஆமா, அந்த மேஸ்திரிதான் காரணம். வழவழன்னு கண்ணாடி மாதிரி போட்டு வச்சான் பாவி. விடாதீங்க... எங்க வீட்டுலயும் மாத்தச் சொல்றேன், கண்டிப்பா... என்னங்க, எதைக் காணோம்? நெயில் பாலிஷா? ரோஸ் கலரா... அதை டெஸ்மண்டைத்தான் கேக்கணும். தூண்டில் நரம்பு முடிச்சு அவிழக்கூடாதுன்னு முடிச்சு மேல தடவுவான்... ஆமாங்க, முப்பது வருஷமா உங்களுதத்தான் தடவறான். நான் சொன்னதா சொல்லிடாதீங்க... ஓ, பக்கத்துலயேதான் இருக்கானா. சரிங்க அண்ணி. குடுங்க."

போன் கை மாறியது. குடத்துக் குரல் மறுபடியும் வந்தது.

"ஏன்டா முறைக்கறே?... போன்ல தெரியாதா என்ன? முப்பத்தஞ்சு வருஷமா பார்க்கற மூஞ்சி அது... என்ன வீடியோ? மாப்பிள்ளை அனுப்பினதா? டெக்சாஸ் பாஸ் மீனா? பார்த்தேன், பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

டெஸ்மண்டின் மகள் ஜூலியா டெக்சாஸில் இருக்கிறாள். அவள் கணவருக்கு வாரா வாரம் பாஸ் மீன் பிடிக்காவிட்டால் தூக்கம் வராது. பிடித்த மீனை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து மாமனாருக்கு அனுப்புவார். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு மஞ்சள் ரப்பர் தவளை கொடுத்தனுப்பினார். பாஸ் மீனுக்காகவே செய்த தூண்டில் இரை. பெங்களூர் விரால் அமெரிக்கத் தவளையைத் தின்னுமா என்று நண்பர்கள் இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினார்கள். அதற்கு விடை தெரிவதற்குள் தவளையை ஆட்டோவில் விட்டுவிட்டதாக டெஸ்மண்ட் சொன்னார்.

"அழகுதான்டா, யார் இல்லேன்னா. தண்ணி அப்படியே தெளிவா இருக்கு. சோபா வச்ச படகு. மீன் எங்க நிக்குதுன்னு காட்ட ஒரு டிவி வேற. டிவியில பார்த்துப் பிடிக்கறதுக்கு நேரா ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடைக்கே போயிடலாமே... நம்ம ஏரியில என்ன இருக்கா? நுரை இருக்கு. ஆகாயத்தாமரை இருக்கு. போன மாசம் எனக்கு ஒரு கீபோர்டு மாட்டுச்சே, ஞாபகம் இருக்கா... ஆமாடா, கரைக்கு வர்ற வரைக்கும் 'நல்ல கனம், நல்ல கனம்'னு உனக்குப் போன்ல கத்தினேன். ஒப்புக்கறேன்... ஆனா விரால் மாதிரி ஒண்ணு அங்க உண்டா சொல்லு. இந்தத் தண்ணியில வேற எதுவா இருந்தாலும் செத்து மிதக்கும். இது பாட்டுக்கு மேல வந்து நம்ம காத்தைக் குடிச்சிட்டுப் போகுது. 'பொளக்'குனு ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்! அதுக்காக நாலு மணிக்கு எழுந்து, பொம்மனஹள்ளி சிக்னல்ல லாரிப் புகையைத் தின்னுட்டு வர்றோமே, நம்மளை என்னன்னு சொல்றது?... ஆமா, லூசுங்கதான்... குஞ்சுங்களோட சுத்தும்போது பார்த்திருக்கே இல்ல? செவப்பு செவப்பா, தண்ணி கொதிக்கற மாதிரி. அடியில அப்பனும் ஆத்தாளும் காவல். அந்த நேரத்துல எதைப் போட்டாலும் பாய்ஞ்சு வந்து கடிக்கும். அதனாலயே போடக்கூடாது. எவனும் சட்டம் எழுதி வைக்கல, ஆனா யோக்கியமான தூண்டில்காரன் எவனும் போட மாட்டான். போட்டா அவன்..."

காலையில் தான் செய்தது அப்படியே அதுதான் என்று அவர் வாயே அவருக்கு எடுத்துச் சொன்னது.

"இல்ல, ஒண்ணும் இல்ல. தொண்டையில ஏதோ... என்னது?... ஏய், அப்படியெல்லாம் சொல்லாதேடா... நான் ஒண்ணும் பெரிய உத்தமன் இல்ல... இல்லடா, இந்த மாதிரி சிநேகிதன் எல்லாருக்கும் கிடைக்கும், தெருவுக்கு நாலு பேர் இருக்கான்... டேய், போதும். நிறுத்து. இட்லி ஆறிடப் போகுது."

டெஸ்மண்ட் சந்தேகப்பட்டிருந்தால் ஓஸ்வால்ட் சாயங்காலம் வரைக்கும் சளைக்காமல் பொய் சொல்லியிருப்பார். டெஸ்மண்டோ அன்றைக்குப் பார்த்து என்றுமில்லாத வாஞ்சையோடு பேசிக்கொண்டிருந்தார். ஓஸ்வால்டால் தாங்க முடியவில்லை.

"டெஸ்மண்ட். தட்டைக் கீழே வை... வச்சியா?... நான் மதகுகிட்ட இல்லடா. புங்க மரத்தடியில உக்கார்ந்திருக்கேன்... ஆமா... போட்டேன்... மாட்டுச்சு... தாசில்தாரேதான்... ஹலோ? இருக்கியா?... ஹலோ?... ஏன்டா பேச மாட்டேங்கறே? திட்டுடா. நீ திட்டலேன்னா பயமா இருக்கு."

திட்டு வரவில்லை. ஓஸ்வால்ட் தானே தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

"சும்மா கை பழகறதுக்கு ஒரு தடவைன்னுதான் போட்டேன். தண்ணி மேல புள்ளி புள்ளியா இருந்துச்சு. தூறல்னு நெனைச்சேன். வானத்துல ஒரு மேகம் இல்ல, தூறலாம்! எல்லாம் குஞ்சுங்கடா. கண்ணாடியைப் பையில வச்சிட்டு வீரம் காட்டினா இப்படித்தான்... ராடு வளைஞ்ச வளைச்சல்ல 'அம்மா'ன்னு கத்திட்டேன். தொப்பி போச்சு, செருப்பு போச்சு. நான் அதைப் பிடிச்சேனா, அது என்னைப் பிடிச்சுதான்னே தெரியல... கை நீளம் இருக்கும்டா. இல்ல, உன் கை, என் கை சின்னது... போட்டோவா? எடுக்கல. குஞ்சுங்க அம்போன்னு சுத்துது, ஜிலேபிங்க வந்து ஒவ்வொண்ணா முழுங்குது. போட்டோவுக்கு நேரம் ஏது?... விட்டுட்டேன். அதே இடத்துல. வாலால மூஞ்சியில ஒண்ணு குடுத்துட்டுத்தான் போச்சு... நாலு வருஷம் காத்திருந்து, பிடிச்சு, விட்டுட்டு, காட்ட ஒரு போட்டோகூட இல்லாம ஒத்தச் செருப்போட உக்கார்ந்திருக்கற முட்டாள் பெங்களூர்லயே நான் ஒருத்தன்தான்... ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அது கையில இருந்தப்போ, 'பாருடா'ன்னு சொல்ல இந்தப் பக்கம் திரும்பினேன். நீ இல்ல. சத்தியமா எனக்கு சந்தோஷமே வரலடா."

கண்ணைத் துடைக்கச் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார்.

"வாயிலயா?... வாயில என்ன இருந்துச்சுன்னு கேக்கறே?... மீன் வாயில மீன் பல்லு இருந்துச்சு... ஓ, அதுவா. ஆமா, இருந்துச்சுடா. பழைய தூண்டில் முள்ளு ஒண்ணு தாடையில குத்தி நின்னுச்சு. என்னோடதைக் கழட்டும்போது அதையும் கழட்டிட்டேன். எந்தப் பாவியோ நரம்பு அறுந்து விட்டுட்டுப் போயிருக்கான்... இங்க பையிலதான் இருக்கு... தூக்கிப் போடணுமா? ஏன்?... துரு ஏறிக் குத்திடுமா? அவ்வளவு அக்கறையா என் மேல? இரு, இரு, பார்க்கறேன்."

கைக்குட்டையோடு சேர்ந்து வந்த அந்த முள்ளைக் கட்டைவிரலால் தேய்த்துச் சேற்றை எடுத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முள்ளின் கழுத்தில் மஞ்சள் ரப்பர் ஒரு துண்டு பிய்ந்து தொங்கியது. மேலே நரம்பு முடிச்சு. முடிச்சின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பூச்சு, வெயில் பட்டு மினுமினுவென்றிருந்தது.

"டெஸ்மண்ட்... மாப்பிள்ளை குடுத்த அந்த மஞ்சள் தவளையை எந்த ஆட்டோவுல விட்டே?... இல்ல, சும்மா கேக்கறேன்... அந்தத் தவளை ரோஸ் நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டு, ஆட்டோலேர்ந்து இறங்கி, ஏரிக்கு நடந்தே வந்துச்சா?... எப்போடா வந்தே? சொல்லு... தனியாவா?... ஆறு வாரம் முன்னாடியா? ஆறு வாரம்னா... இரு. ஆறு வாரம் முன்னாடி உன் காலு... டேய்!"

ஓஸ்வால்ட் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றுவிட்டார்.

"இங்கேயா விழுந்தே? நரம்பு அறுந்த வேகத்துலயா?... எந்தக் கல்லு? மரத்துக்கு இந்தப் பக்கம், இந்தச் சப்பைக் கல்லா? அதுமேலதான்டா நான் டிபன் டப்பாவை வச்சிருக்கேன்!... யாரு ஆட்டோல ஏத்தினது? ஏரி வாட்ச்மேன் சின்னப்பாவா? அதான் காலையில அவன், 'நீங்களுமா சார் தனியா வந்தீங்க'ன்னு கேட்டான். நான் ஒரு மண்ணும் புரியாம தலையாட்டிட்டு வந்தேன்... அடப்பாவி! ஆறு வாரமா உனக்கு ஆட்டுக்கால் சூப்பு சுமந்தேனேடா! கட்டு மேல கையெழுத்து வேற போட்டேனே!... சிரிக்காதே. இப்பதான் உனக்காக அழுதேன், அதைத் திருப்பிக் குடு... ஆமா, நானும் சிரிக்கறேன். என்ன பண்றது?... ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சா? சரி, போச்சு. கட்டைப் பிரிச்சதும் வா, ரெண்டு பேருமா வந்து அந்த மீன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணில் இப்போது வந்தது வேறு தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

"ஏன்டா, அப்போ பாத்ரூம்?... பாத்ரூம்ல வழுக்கவே இல்லையா? ஒரு நாளும் இல்லையா?... டேய், அந்தம்மா உன் பேச்சை நம்பி பாத்ரூமையே பேத்துப் போட்டுட்டாங்களேடா! அந்த மேஸ்திரி பாவம்டா, தெருவுல பார்த்தா ஓடறானாம்!... என்ன?... ஏன் கம்முனு ஆயிட்டே?... டெஸ்மண்ட்?... டேய், அந்த ஸ்பீக்கரை அணைச்சே இல்ல?"

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. இட்லித் தட்டை யாரோ எடுத்து வைக்கும் ஓசையும் கேட்டது. தலையில் இல்லாத தொப்பியைக் கழற்ற ஓஸ்வால்டின் கை மேலே போயிற்று.

"...அண்ணி... குட் மார்னிங் அண்ணி... ஆமாங்க, அப்பவே சொன்னேன், இருந்தாலும்... முழுசாக் கேட்டீங்களா?... முதல்லேர்ந்தேவா... இல்லங்க, மாதா சத்தியமா எனக்கு இப்பதான்... ஆமாங்க, முள்ளு என் கையிலதான் இருக்கு... ரோஸ்தான் அண்ணி... உங்களுதேதான்."

லைன் கட்டாகிவிட்டது.