கோவில்பட்டி மேட்ச்

— மாப்பிள்ள தேடுதவனெல்லாம் நம்ம தீப்பெட்டிக் கம்பெனி வெப்சைட்டுக்கு எதுக்குட்டி வாரான்? இந்த யோகராஜ் பிரௌசிங் சென்டர்ல வந்து உக்காந்தாலே மானம் போகுது.

— யப்பா, மொகப்புல பெருசா 'கோவில்பட்டி மேட்ச்'னு போடுன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? இப்ப கூகுள்ல எவன் அப்படி அடிச்சாலும் நாமதான் முன்னால நிக்கோம்.

— முன்னால நிக்கது நல்லதுதான ஐசு?

— அப்படி அடிக்கவன்ல பாதிப் பேரு கிரிக்கெட் மேட்ச் தேடுதான். மீதிப் பேரு கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுதான். தீப்பெட்டி தேடுதவன் ஒருத்தனும் இல்ல.

— அதுவும் சரிதான். நேத்து கயத்தாறுல இருந்து ஒருத்தரு போனே பண்ணிட்டாரு. 'பூவனநாதன் அண்ணாச்சி, எம்மவன் சொந்தமா லாரி வச்சிருக்கான், ஒங்க வெப்சைட்டுல பதியணும்'ங்காரு.

— நீங்க என்ன சொன்னீக?

— மகன் வேண்டாம், லாரிய மட்டும் அனுப்புங்க, பண்டல் ஏத்தணும்னுட்டேன்.

— ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு. ஆவணிக்குள்ள இந்த வெப்சைட்டு ஒரு ஆர்டராவது கொண்டு வரணும், இல்லன்னா நீங்க காட்டுத மாப்பிள்ளைக்கு நான் தலையாட்டணும். இத யாரு சொன்னா?

— நாந்தான் சொன்னேன். ஒன்னைய யாரு சரின்னு தலையாட்டச் சொன்னா?

— அப்ப நான் கேக்கதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுங்க. நம்ம பெட்டிய வாங்குதது யாரு?

— தீ பத்த வைக்கவன்.

— அவன் பொட்டிக்கடையில வாங்கிக்கிடுதான். நம்மகிட்ட வாங்குதது?

— மொத்த யாவாரிதான். நாக்பூர், கட்டாக், அசாம் பக்கம். அப்புறம் ஜெர்மனில இருந்து ஒருத்தன் எழுதுனானே, மேல ஒட்டுத படம் மட்டும் போதும், குச்சி வேண்டாம்னு. அந்தக் கோட்டிய விட்டுரு.

— அவரு படம் சேக்கவரு. அவருக்கும் ஒரு பக்கம் எழுதிருக்கேன், அது இருக்கட்டும். அசாம் யாவாரி போன் போட்டா மொதல்ல என்ன கேப்பாரு? 'ஒங்க பெட்டி உலகத் தரமா'ன்னா?

— அவனுக்கு எதுக்குட்டி உலகம்? 'மழைக்குத் தாங்குமா, நமுத்துப் போகுமா'ம்பான். அங்க வானம் எந்நேரமும் ஒழுகிக்கிட்டுல்லா கெடக்கு. நம்ம கரிசக்காடு மாதிரியா?

— அவரு வாயில வார வார்த்த எதுவோ அதத்தான் கூகுள்லயும் அடிப்பாரு. நமுக்காத தீப்பெட்டி, மொத்த விலை, ஹிந்தில மாச்சிஸ். அதெல்லாம் வச்சு அசாமுக்குத் தனியா, நாக்பூருக்குத் தனியான்னு எழுதிட்டேன். மொகப்புத் தலைப்ப மட்டுந்தான் நீங்க தொட விடல.

— ஒங்க தாத்தா மாலையோட நிக்க போட்டோ?

— அது கடேசிப் பக்கத்துக்குப் போயிட்டு. தாத்தாவ யாரும் கூகுள்ல தேடல யப்பா.

— அவரு உசுரோட இருந்தா ஒன்னையத் தேடி வந்து போட்டிருப்பாரு நாலு.

— நான் பரீட்ச எழுத மதுரைக்குப் போயிருந்தேம்லா, அந்த வாரம் அசாம்ல இருந்து யாரோ நம்ம பக்கத்தத் திரும்பத் திரும்பப் பாத்துருக்காக. மெயில் ஏதும் வந்துச்சா?

— குவாஹாத்தில இருந்து ஒருத்தன் எழுதிருந்தான். அவனும் கல்யாணக் கேசுதான். சவத்த விடு.

— என்னன்னு எழுதிருந்தாரு?

— யோகராஜ்தான் படிச்சுச் சொன்னான். 'கோவில்பட்டி மேட்ச் வேணும், போட்டோவும் ரேட்டும் அனுப்பவும், நீண்ட கால உறவை விரும்புகிறோம்'னு. ரேட்டாம்லா ரேட்டு! பொண்ணு கேக்கவன் சீரச் சுத்தி வளைச்சுத்தான கேப்பான்? இவன் பச்சையா ரேட்டுங்கான்!

— யப்பா...

— கேளு இன்னும். மொதல்ல ரெண்டு லாரி அனுப்பணுமாம், பிடிச்சிருந்தா மாசாமாசம் அனுப்பணுமாம். எந்த ஊருலட்டி மாசாமாசம் சீரு கேப்பான்? கூடவே எங்க ஊரு மழைக்குத் தாங்குமான்னு வேற... ஏட்டி. மழையா கேட்டான்?

— மழைதான் யப்பா! தீப்பெட்டி யாவாரி யப்பா அவரு! பெட்டியோட போட்டோவக் கேட்டிருக்காரு!

— யோகராஜ் படுபாவி, மேட்ச்னா வரன்னுல்லா சொன்னான்.

— பதில் ஏதும் போட்டுட்டீகளா?

— போடாம இருப்பனா? நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீசுல அடிச்சான். சூடா.

— போச்சு. வந்த ஒரு ஆர்டரும் போச்சு. தள்ளுங்க, பாக்கேன்... யப்பா, அவரு மறுபடியும் எழுதிருக்காரு.

— வைதிருக்கானா?

— 'ஐயா, நாங்கள் கேட்டது தீப்பெட்டி. உங்கள் பதிலைப் படித்துக் கடையில் எல்லோரும் சிரித்தோம். இரண்டு லாரி சரக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் இனி அந்தப் பெண்ணிடம்தான் பேசுவோம்.' எந்தப் பொண்ணு யப்பா? அவருக்கு அப்படி என்னதான் எழுதுனீக?

— அத எதுக்கு நோண்டுத? ஆர்டரு வந்துட்டுல்லா, அவனுக்குப் போனப் போடு.

— இருங்க, நீங்க அனுப்புனதும் இங்கனதான் கெடக்கும்.

— வேண்டாம் ஐசு. கோவத்துல வாயில வந்தத எழுதுனது. ஒங்க அம்மைக்கே இன்னும் சொல்லல.

— 'என் மகளுக்கு ரேட் கேட்க நீங்கள் யார்? அவளுக்கு நான் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. இந்தக் கம்பெனியை அவள் பேருக்கு எழுதி வைக்கத்தான் நாள் பார்த்திருக்கிறேன்.'